பழைய மெஷின்களை மியூசியத்தில் உட்கார்ந்து வரைகிறவர்கள் இருக்கிறீர்களா? யோசனை வேண்டும்

மேட்டுலயம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட்காரி. ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், சனி ஞாயிறு வந்தால் பென்சிலும் நோட்டுமாக எங்காவது போய் உட்கார்ந்துவிடுவேன். இப்போது ஒரு விஷயத்தில் சிக்கி நிற்கிறேன். இங்கே வரைகிறவர்களும் இருக்கிறீர்கள், ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் (பாலை ஷீட்டாக்குகிற ஃபேக்டரியில்) வேலை பார்த்தவர்களும் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

வருஷக் கடைசியில் எங்கள் தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளி மண்டபத்தில் ஒரு கண்காட்சி வைக்கப் போகிறோம். பால் வாளி, பால் வெட்டும் கத்தி, மங்கு (மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணம்), பழைய போட்டோ என்று அவரவர் வீட்டில் இருப்பதைக் கொண்டுவருகிறார்கள். எனக்கு ஒரு சுவர் முழுக்கத் தந்திருக்கிறார்கள். அதில் பழைய மெஷின்களை வைத்து ஏழெட்டுப் படம் மாட்ட ஆசை. பாட்டி பால் வெட்டியவர், அப்பா பதினெட்டு வருஷம் ஸ்டோரில் ஷீட் ரோலர் பக்கத்தில் நின்றவர். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறியதும் ஸ்டோரை இடித்தார்கள், ரோலர்கள் பழைய இரும்புக்காரர் லாரியில் ஏறிப் போய்விட்டன. பால் வெட்டுகிற ஆளைப் படமாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அப்பா நின்ற அந்த மெஷினை ஒரு படத்திலும் நான் பார்த்ததில்லை.

அதனால் முதலில் கைக்கு எட்டும் பழைய மெஷின்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே போய் வரைந்து பழகலாம் என்று போன மாதம் தங்கையைக் கூட்டிக்கொண்டு பத்து காஜா பக்கம் போனேன், அந்த தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் நம்பர் ஈயக்கப்பலை, அதாவது குளத்தில் மிதந்துகொண்டே வெள்ளீய மண்ணைத் தோண்டுகிற மெஷினைப் பார்க்க. பக்கத்தில் போய் நின்றதும் பேச்சே வரவில்லை. 1938-ல் கட்டியது, 1982 வரை 44 வருஷம் ஓடியிருக்கிறது, எடை 4,500 டன், அடியில் மிதக்கிற தொட்டி மட்டும் 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். எங்கள் லயம் (தோட்டத்து வரிசை வீடு) இரண்டை அதற்குள் வைத்துவிடலாம். ஆனால் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போனதால் நான் ஒரு சக்கரத்தை ஆரம்பிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த தளத்துக்கு ஏறிவிட்டார்கள், வியர்வை சொட்டித் தாள் வேறு சுருண்டுவிட்டது. பதினோரு பக்கம் வரைந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றிலும் உயிர் இல்லை. எல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ் கேட்லாக் மாதிரி இருக்கிறது. சக்கரங்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, தட்டு நசுங்கிய மாதிரி நிற்கின்றன.

இன்னொரு மியூசியத்தில் தரையில் உட்கார்ந்து வரைந்ததற்குக் காவலர் வந்து எழுப்பிவிட்டார், அந்த வருத்தமும் இருக்கிறது.

முழுக் கப்பலையும் வரைவதா, ஒரு பாகத்தை மட்டும் எடுப்பதா? போட்டோ எடுத்து வந்து வீட்டில் வரைந்தால் போதுமா? அப்புறம் முக்கியமாக, இந்த நோட்டுப் பக்கங்களிலிருந்து சுவரில் மாட்டுகிற படம் எப்படி வரும்? அந்த இடம்தான் எனக்குப் பிடிபடவில்லை.


ஸ்டோர் ஃபிட்டர் எழுதியது:

வணக்கம்மா. நான் கெடாவிலும் பேராக்கிலும் தோட்டத்து ஃபேக்டரிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்தவன். வரைகிற வேலையைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், நான் மெஷினைப் பற்றிச் சொல்கிறேன்.

கேட்லாக் மாதிரி இருக்கிறது என்றீர்கள். கேட்லாக்கில் மெஷின் சும்மா நிற்கும், அதற்கு வேலை கிடையாது. நீங்கள் வரையும்போதும் அது என்ன வேலை செய்தது என்று தெரியாமல் வரைந்திருப்பீர்கள். எந்த மெஷின் முன்னால் நின்றாலும் பலம் எங்கே உள்ளே வருகிறது, எங்கே வெளியே போகிறது என்று முதலில் விரலால் தொடர்ந்து பாருங்கள். அந்த வழி தெரிந்துவிட்டால் எதை அழுத்தி வரைய வேண்டும், எதை லேசாக விட்டுவிடலாம் என்று கைக்கே தெரியும்.

ஈயக்கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் சாய்வாக ஒரு நீண்ட ஏணி தண்ணீருக்குள் இறங்கும். அதன்மேல் வாளிகள் கோத்த சங்கிலி ஓயாமல் சுற்றும். வாளி அடியில் மண்ணை வாரி மேலே கொண்டுபோய்ச் சுழலும் சல்லடையில் கவிழ்க்கும். அங்கே தண்ணீர் பீய்ச்சியடித்து மண்ணைக் கரைக்கும். பெரிய கல்லெல்லாம் சல்லடைக்குள்ளேயே உருண்டு பின்பக்கம் போய் விழும், மணலும் ஈயமும் ஓட்டை வழியாக இறங்கி ஜிக் என்கிற அலசும் தொட்டிக்கு வரும். ஜிக்கில் தண்ணீர் மேலும் கீழும் துடித்துக்கொண்டே இருக்கும். ஈயக்கல் தண்ணீரைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு எடை, மணல் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதனால் துடிப்பில் மணல் மேலே மிதந்து ஓடிவிடும், ஈயம் அடியில் தங்கும். மிச்சமெல்லாம் பின்னால் கொட்டப்படும். முன்னால் தோண்டி, பின்னால் நிரப்பி, தன் குளத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிற கப்பல் அது. இதைத் தெரிந்துகொண்டு போய் அந்த ஏணி முன்னால் நின்று பாருங்கள், கோடு வேறு மாதிரி விழும்.

வாளியின் வாயைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். மற்ற இரும்பு அந்த உராய்வுக்குத் தாங்காது என்றுதான் அந்த உதட்டை மட்டும் மாங்கனீஸ் எஃகில் செய்வார்கள். அதுவே மண்ணைக் கடித்துக் கடித்துத் தேய்ந்துபோகும். சங்கிலியை மேலே திருப்புகிற உருளையையும் பாருங்கள், வட்டமாக இருக்காது, பட்டை பட்டையாக இருக்கும், வாளிகள் வந்து பட்டையில் உட்கார்ந்து எழுந்து போகும். வட்டமாக வரைந்தால் வேலை தெரிந்தவன் கண்ணுக்கு உடனே உறுத்தும்.

இனி உங்கள் அப்பாவின் மெஷின். பழைய ஸ்டோர்களில் ஒரே எஞ்சின்தான் எல்லா மெஷினையும் ஓட்டும். கூரைக்குக் கீழே நீளமாக ஒரு ஷாப்ட், அதில் வரிசையாகப் புல்லி, ஒவ்வொரு புல்லியிலிருந்தும் ஒரு தட்டை பெல்ட் கீழே இறங்கி ஒரு மெஷினுக்குப் போகும். மெஷின் பக்கம் இரண்டு புல்லி ஒட்டியொட்டி இருக்கும், ஒன்று ஷாப்டோடு கட்டியது, மற்றது சும்மா சுற்றுவது. பெல்ட்டைச் சும்மா சுற்றுகிற புல்லியில் வைத்திருந்தால் மெஷின் நிற்கும், ஒரு கவையால் பக்கத்துப் புல்லிக்குத் தள்ளினால் ஓடும். எங்காவது பெல்ட் எட்டு போலக் குறுக்காகப் போட்டிருந்தால் அந்த மெஷின் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்று அர்த்தம். இன்னொன்று, தட்டை பெல்ட் ஓடுகிற புல்லியின் முகம் தட்டையாக இருக்காதும்மா. நடுவில் கொஞ்சூண்டு உப்பியிருக்கும். பெல்ட் எப்போதும் உயரமான இடத்தைத் தேடி ஏறும், அதனால் கழன்று விழாமல் நடுவிலேயே ஓடும். அந்த உப்பலை ஒரு மயிரிழை வளைவில் காட்டிவிட்டீர்கள் என்றால் புல்லி உயிரோடு எழுந்து நிற்கும்.

ரோலரில் முதலில் வழவழப்பான உருளைகள். ஆசிட் போட்டு உறைந்த பால் தலையணை மாதிரி தடியாக வரும், ஒவ்வொரு தடவையும் இடைவெளியைக் குறைத்துக் குறைத்து ஓட்டி மூன்று மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்து, கடைசியில் வரிபோட்ட உருளையில் விடுவார்கள். அந்த வரி அழகுக்குப் போட்டதல்ல. ஈர ஷீட் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கவும், காற்றும் புகையும் படுகிற பரப்பு கூடிச் சீக்கிரம் காயவும் போட்டது. உருளைக்கு மேலே இரண்டு பக்கமும் திருகு இருக்கும், இடைவெளி வைப்பது அதில்தான். உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், எத்தனை சுற்றுத் திருகுவார் என்று சொல்லுவார்.

எந்த மெஷினிலும் கை பட்ட இடம் பளபளக்கும், படாத இடம் துருப்பிடிக்கும், கிரீஸ் வழிந்த இடத்தில் தூசி ஒட்டிக் கறுத்துப் புடைத்திருக்கும். மியூசியத்தில் பெயின்ட் அடித்து வைத்திருந்தாலும் கைப்பிடியின் தேய்மானம் மறையாது. நான் வரைகிறவனாக இருந்தால் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.


கரித்துண்டு எழுதியது:

ஃபிட்டர் ஐயா எழுதியதை இரண்டு தடவை படித்தேன், புல்லி உப்பியிருக்கும் விஷயம் இத்தனை வருஷம் வரைந்தும் எனக்குத் தெரியாது. ரொம்ப நன்றி ஐயா. ஒன்றில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். முழுக்கப் புரிந்த பிறகுதான் வரைய வேண்டும் என்று காத்திருந்தால் பலருக்குப் பென்சிலே எழாது. வரைய வரையத்தான் புரியும். எங்கே கோடு தடுமாறுகிறதோ அங்கேதான் நமக்குப் புரியாத பாகம் இருக்கிறது, அந்த இடத்தில் நிறுத்தி வழிகாட்டியைக் கேட்கலாம். நான் ஈப்போவில் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுக்கிறேன், அவர்களிடமும் இதைத்தான் சொல்வேன்.

சகோதரி, சக்கரம் நசுங்கிய தட்டு மாதிரி வருவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. சாய்வாகப் பார்க்கும்போது வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். அதன் குட்டை அச்சு, சக்கரத்தின் ஷாப்ட் எந்தத் திசையில் போகிறதோ அதே கோட்டில் இருக்க வேண்டும். நாம் பழக்கத்தில் நீள்வட்டத்தை நிமிர்த்தி வைத்துவிடுகிறோம், ஷாப்ட் வேறு பக்கம் போகிறது, அதனால்தான் சக்கரம் கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது. இனிமேல் சக்கரத்தைக் கடைசியில் வரையுங்கள். முதலில் ஷாப்டின் நடுக்கோட்டை லேசாக இழுத்துக்கொள்ளுங்கள், அதற்குச் செங்குத்தாக நீள்வட்டத்தின் நீண்ட அச்சைப் போடுங்கள், அப்புறம் தோளிலிருந்து கையைச் சுழற்றி இரண்டு மூன்று தடவை காற்றிலேயே சுற்றிவிட்டுத் தாளில் இறக்குங்கள். விரலால் வரைந்தால் நீள்வட்டத்தின் முனை கூர்மையாகிவிடும், முனையும் வளைவுதான் என்பதை மறக்கக் கூடாது. ஒரே ஷாப்டில் நான்கு சக்கரம் இருந்தால் எல்லாவற்றுக்கும் நடுக்கோடு ஒன்றுதான், ஆனால் நம் கண்ணிலிருந்து தள்ளித் தள்ளிப் போகப் போக நீள்வட்டத்தின் அகலம் மாறும். வீட்டில் மைலோ டின் மூடியைக் குச்சியில் குத்தித் திருப்பித் திருப்பி ஒரு வாரம் வரையுங்கள், போதும்.

கியர் பல்லை எல்லாம் எண்ணி எண்ணி வரையாதீர்கள். வெளிச்சம் படுகிற பக்கம் ஏழெட்டுப் பல்லைச் சுத்தமாகப் போட்டுவிட்டு நிழல் பக்கம் கோட்டை மட்டும் விட்டுவிட்டால் மிச்சத்தைப் பார்க்கிறவர் கண் நிரப்பிக்கொள்ளும். ஆனால் நோட்டின் ஓரத்தில் பல்லின் எண்ணிக்கையை எழுதி வையுங்கள், பிறகு பெரிதாக வரையும்போது கைகொடுக்கும்.

நேரம் போதவில்லை என்றீர்கள். கூட்டத்தோடு போனால் அரை நிமிடப் படம், இரண்டு நிமிடப் படம்தான் கிடைக்கும், அதை நினைத்து வருத்தப்பட வேண்டாம். முதல் சுற்றில் உள்ளங்கை அளவுக் கட்டங்களில் இருட்டு எங்கே வெளிச்சம் எங்கே என்று மட்டும் கறுப்பாக்கிக்கொண்டு வாருங்கள். அதில் எந்தக் கட்டம் மறுபடி மறுபடி கண்ணை இழுக்கிறதோ அதற்காக இன்னொரு நாள் போங்கள். முழுக் கப்பலை வெளியே நின்று தூரத்திலிருந்து ஒரு தடவை வரைந்தால் போதும், உள்ளே போனால் ஒரு மூலைதான். 4பி பென்சில் இரண்டு, பிசைகிற ரப்பர் ஒன்று. நம் ஊர் ஈரத்துக்கு மெல்லிய தாள் சுருண்டுதான் போகும், சதுர மீட்டருக்கு 200 கிராமுக்குக் குறையாத தாளை நாலு பக்கமும் பிடிப்பு போட்டு அட்டையில் மாட்டிக்கொண்டு போங்கள், கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்தால் வியர்வை படத்தில் படாது. துருவுக்கு வர்ணம் தேடினால் பர்ன்ட் சியன்னாவில் அல்ட்ராமரைன் நீலத்தைக் கொஞ்சம் கலந்து பாருங்கள். பெட்டியில் இருக்கிற கறுப்பைத் தொடாமலே இரும்பின் இருட்டு கிடைக்கும்.

போட்டோ எடுங்கள், ஆனால் சாட்சிக்கு மட்டும். போனின் அகலமான லென்ஸ் பக்கத்துச் சக்கரத்தை வீங்க வைத்துப் பின்னால் இருப்பதைச் சுருக்கிவிடும், அதைப் பார்த்து அப்படியே வரைந்தால் எந்த நீள்வட்டமும் உட்காராது. நிழலுக்குள் இருக்கிற பாகத்தையும் அது ஒரே கறுப்பாக்கிவிடும், நம் கண் அங்கேயும் நாலு சாயல் பார்க்கும்.

கடைசிக் கேள்விக்கு என்னிடம் ஒரு உதாரணம் இருக்கிறது. ஜெர்மன் ஓவியர் அடால்ஃப் மென்ஸெல் 1872-ல் கோனிக்ஸ்ஹூட்டே என்ற ஊரின் இரும்பாலைக்குப் போய் நூற்றுக்கும் மேற்பட்ட பென்சில் படங்கள் வரைந்தார். அதை வைத்து ஒரே ஒரு பெரிய ஓவியத்தை 1875-ல் முடித்தார். நடுவில் பழுத்த இரும்பை உருளைக்குள் தள்ளுகிற கூட்டம். ஆனால் நான் அதில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இரண்டு ஓரங்களைத்தான். இடது பக்கம் வேலை முடிந்து உடம்பு கழுவுகிற ஆட்கள், வலது பக்கம் கீழே ஒரு மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆட்கள். மெஷினுக்குப் பக்கத்தில் சோறு தின்கிற மனுஷன் வந்ததும் அந்த ஆலையின் சூடு நமக்கு உறைக்கிறது. உங்கள் பதினோரு பக்கத்தில் ஒரு ஆளாவது இருக்கிறாரா? இல்லை என்றுதான் நினைக்கிறேன்.


செம்பனை_ரோடு எழுதியது:

தரையில் உட்கார விடவில்லை என்பதற்கு மட்டும் சொல்கிறேன். போவதற்கு ஒரு வாரம் முன்பே அலுவலகத்துக்கு எழுதி, பென்சில் மட்டும்தான், மை தண்ணீர் எதுவும் இல்லை, வழியை மறிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், நான் போன இடங்களில் மடக்கு நாற்காலிகூட அவர்களே தந்திருக்கிறார்கள். கேட்காமல் உட்கார்ந்தால் காவலருக்கும் வேறு வழி இல்லை. ஈயக்கப்பல் முழுக்க இரும்பு, பதினொரு மணிக்கு மேல் உள்ளே கொதிக்கும், காலையிலேயே போய்விடுங்கள். கம்பாரில் 2012-ல் திறந்த கிராவல் பம்ப் மியூசியத்தையும் விட வேண்டாம். அங்கே பாலோங் (சாய்வான நீண்ட மரவாய்க்கால்) வைத்து ஈயம் அலசியதை ஆளுயரப் பொம்மைகளோடு வைத்திருக்கிறார்கள், மெஷினுக்கும் ஆளுக்கும் உள்ள அளவைப் பழக நல்ல இடம்.


கரையோர_வீடு எழுதியது:

தங்கச்சி, நான் கோலகங்சார். லினோ என்கிற மெத்தென்ற தகட்டில் படத்தை வெட்டி அச்சு எடுக்கிறேன், பெரும்பாலும் தோட்டத்துப் படங்கள்தான். உங்கள் கேள்வியில் 'அந்த இடம்தான் பிடிபடவில்லை' என்று எழுதியிருந்தீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அதே இடத்தில் நான் இரண்டு வருஷம் நின்றேன்.

எங்கள் ஊரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்ட ஒரு பால்மரம் நிற்கிறது. 1877-ல் லண்டன் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் 9 இங்கே வந்தன, அதில் மிஞ்சிய மரம் அது. நான் அந்த மரத்தைப் பத்து தடவையாவது வரைந்திருப்பேன், எல்லாம் மரமாகத்தான் வந்தது. ஒருநாள் மரத்தை விட்டுவிட்டு, பாட்டி வைத்திருந்த பால் வெட்டும் கத்தியின் வளைந்த நுனியை மட்டும் தாள் நிறைய வரைந்தேன். ஒரு விரல் நீளச் சாமான், தாளில் ஒரு முழம். அதற்குப் பிறகுதான் எனக்கு வழி திறந்தது. அதனால் என் யோசனை இதுதான். நோட்டைப் புரட்டுங்கள், நீங்கள் அதிக நேரம் நின்ற இடத்தைக் கண்டுபிடியுங்கள், ஒரு திருகோ ஒரு வாளி உதடோ எதுவானாலும், அதைத் தாளை விட்டு வெளியே போகிற அளவுக்குப் பெரிதாக்குங்கள். மெஷின் முழுசாகத் தெரிய வேண்டும் என்ற கவலையை விடுங்கள்.

அப்புறம் அந்த வரிபோட்ட உருளை. அது உருளைதான், ஆனால் எனக்கு அச்சுப் பலகையாகவே தெரிகிறது. பால் வெட்டின ஒவ்வொரு நாளும் நம் ஆட்கள் ஆயிரக்கணக்கான ஷீட்டில் அந்தச் சாய்சதுரக் கோட்டை அச்சடித்து வெளியே அனுப்பியிருக்கிறார்கள், அது கப்பல் ஏறிப் போய் எங்கோ டயராகிவிட்டது. போன வருஷம் ஒருவர் வீட்டுப் பரணில் புகையில் காய்ந்த பழைய ஷீட் ஒன்று கிடைத்தது, தேன் நிறம், இன்னும் புகை வாடை அடிக்கிறது. அதன்மேல் மை தடவி மெல்லிய தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தேன். அந்தக் கோடுகள் அப்படியே வந்தன, ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும் கோடு கலைந்து விரல் தடம் மாதிரி ஒரு பள்ளம். ஈரமாக இருக்கும்போது யாரோ பிடித்துத் தூக்கிய இடமாக இருக்கும். அந்தத் தாளைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன், நான் வெட்டிய எந்த லினோவும் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

உங்கள் ஊரில் யார் வீட்டிலாவது ஷீட் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அந்த அச்சைத் தாளில் எடுத்து, அதன்மேலேயே உங்கள் பென்சில் மெஷினை வரைந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். மியூசியத்துச் சாமானில் மட்டும் மை, மெழுகு எதையும் வைத்துத் தேய்க்க வேண்டாம், கேட்டால்கூடச் சரி சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது.

கார்ட்டூனிஸ்ட் லாட் பேராக்கில் ஒரு கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) வளர்ந்தவர். ஈயக்கப்பல் அவர் படங்களில் வரும்போது அது தூரத்தில் நிற்கிற பெரிய மிருகம் மாதிரி இருக்கும், முன்னால் சின்னப் பிள்ளைகள். அந்த அளவு வித்தியாசத்தையும் கவனியுங்கள்.


மேட்டுலயம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்க வேண்டும். நீங்கள் எழுதியதையெல்லாம் அச்செடுத்து நோட்டில் ஒட்டிக்கொண்டேன்.

மைலோ மூடியை ஒரு வாரம் வரைந்தேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை காலையில், முதலிலேயே எழுதிக் கேட்டுவிட்டு, ஈயக்கப்பலுக்குப் போனேன். இந்தத் தடவை ஏணிக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் இருக்க விட்டார்கள். ஃபிட்டர் ஐயா சொன்னபடி விரலால் தொடர்ந்து பார்த்தேன், வாளி எங்கே நிறைகிறது, எங்கே கவிழ்கிறது என்று. ஒரு வாளியின் உதடு இடது பக்கம் மட்டும் ஒரு விரல் அகலம் கூடத் தேய்ந்திருந்தது. போன தடவை அதே வாளியை நான் இரண்டு பக்கமும் சமமாக வரைந்திருக்கிறேன், பழைய பக்கத்தை எடுத்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இப்போது அந்த ஒரே வாளி ஒரு முழுத் தாளில் இருக்கிறது, தங்கை அதைப் பார்த்துவிட்டு யானை வாய் மாதிரி இருக்கிறது என்றாள். சுவருக்கு முதல் படம் அதுதான்.

ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருந்தது வேறு. ஷீட் இருக்கிறதா என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டு போனதில், லிந்தாங் பக்கம் சொந்தமாகப் பால்மரம் வைத்திருக்கிற ஒருவர் வீட்டுக் கொட்டகையில் கை ரோலரே இருக்கிறது. இரண்டு மெஷின், ஒன்று வழவழ, ஒன்று வரி. இப்போது அவரும் எல்லாரையும் போலக் கட்டிப்பாலாகத்தான் (மங்கிலேயே உறைந்த பாலாக) விற்கிறார், ரோலர் ஓடிப் பல வருஷமாகிவிட்டது, மேலே கோழிக்கூடை வைத்திருந்தார்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நேராகப் போய்க் கூடையை எடுத்துக் கீழே வைத்தார், மேலே இருந்த இரண்டு திருகையும் தடவிப் பார்த்தார், வீட்டுக்காரரிடம் கொஞ்சம் எண்ணெய் வாங்கி இரண்டு பக்கமும் விட்டு, ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். முதலில் அசையவில்லை. பின்னால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு முன்னால் தள்ளினார், கிறீச்சென்று ஒரு சுற்று, அப்புறம் இன்னொன்று, அதற்குப் பிறகு பெரிய சக்கரத்தின் கனமே அதை இழுத்துக்கொண்டு போனது. கால் ஒன்றைக் கொஞ்சம் பின்னால் வைத்து, இடது கையை உருளைக்குக் கிட்டே நீட்டி, வராத ஷீட்டை வாங்கிப் பிடிக்கிற மாதிரி நின்றார். அந்த இடது கை தானாகவே அங்கே போய் நின்றது, அவருக்கே தெரிந்திருக்காது.

எத்தனை சுற்றுத் திருகுவீர்கள் என்று கேட்டேன். முதல் ஓட்டுக்கு ஒன்றும் வேண்டாம், இரண்டாவதற்கு அரைச் சுற்று, அப்புறம் கால், கடைசியில் காது கேட்டுச் சொல்லும் என்றார். உருளை ஷீட்டைக் கவ்வுகிற சத்தம் மாறுமாம்.

நான் அன்றைக்கு ஒரு கோடும் வரையவில்லை, பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். கரித்துண்டு சார் கேட்டாரே, ஒரு ஆளாவது இருக்கிறாரா என்று. சுவரின் நடுவில் மாட்டப் போகிற படம் எது என்று இப்போது தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு மறுபடி போகிறோம், அப்பா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் பரணில் ஷீட்டும் இரண்டு இருக்கிறதாம் அக்கா, கேட்டிருக்கிறேன்.

ஐயா, நான் எதைக் கவனிக்க வேண்டும் என்று இன்னொரு தடவை சொல்லுங்கள். மெஷினில் எதையும் விட்டுவிடக் கூடாது.


ஸ்டோர் ஃபிட்டர் எழுதியது:

சந்தோஷம்மா. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பெரிய சக்கரத்தில் எத்தனை பல், கைப்பிடிப் பக்கத்துச் சின்னதில் எத்தனை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், கை எத்தனை சுற்றுக்கு உருளை ஒரு சுற்று என்று அதில் தெரிந்துவிடும். உருளையின் நடுப்பகுதியும் ஓரமும் ஒரே நிறத்தில் இருக்காது, ஷீட் ஓடிய அகலம் தனியாகத் தெரியும், அதைப் பாருங்கள். அப்புறம் கைப்பிடி இரும்பின்மேல் ஒரு மரக்குழாய் போட்டிருப்பார்கள். அது இரும்போடு ஒட்டியிருக்காது, கையோடு நின்றுகொள்ளும், இரும்பு மட்டும் உள்ளே சுற்றும், உள்ளங்கை தேயாமல் இருக்க. உங்கள் மெஷினில் அந்த மரம் இன்னும் இருக்கிறதா, அல்லது அப்பா வெறும் இரும்பைத்தான் பிடித்தாரா என்று பார்த்துக்கொண்டு வரையுங்கள்.